கார்மென்ட்ஸா, கச்சான் தோட்டமா?

2009இல் போர் முடிந்த பிறகு இலங்கையின் வன்னியில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஏராளம்.

கிளிநொச்சி கார்மென்ட்ஸில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் நிச்சயம். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஆனால் விடிய முன்னமே சாப்பாடு கட்டி, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு, பஸ்ஸுக்கு ஓடவேண்டும்.

கச்சான் (நிலக்கடலை) தோட்டம் என்றால் பிள்ளை கண்ணெதிரே நிற்கும். சரி, விதைக்கே கடன்தான். பிடுங்கும் நேரம் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வெயிலில் குந்தியிருந்து காய் ஆயும் கையைப் பாருங்கள், நகக்கண் முழுக்க மண். சேமலாபமும் இல்லை. இதைவிடக் கொடுமை, காணி உறுதி காணாமல் போன கணவன் பேரில் கிடப்பது. வங்கிக் கடன் இழுபடும்.

காணி தன் பேருக்கு வரும்வரை கார்மென்ட்ஸை விடவேண்டாம் என்றுதான் என் தங்கைக்கும் சொன்னேன்.