குளிர்கால டௌபோ ஏரியில் ட்ரவுட்: ஈய நரம்பா, டவுன்ரிக்கரா?

நியூசிலாந்தில் ட்ரவுட் மீனைக் கடையில் வாங்க முடியாது. விற்பது சட்டப்படி குற்றம். சாப்பிட ஆசைப்பட்டால் நாமே பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்தவர் யாராவது கொடுக்க வேண்டும். ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் (இங்கே அது குளிர்காலம்) ஆக்லாந்திலிருந்து மூன்றரை மணி நேரம் படகை இழுத்துக்கொண்டு டௌபோ ஏரிக்குப் போவதை எங்கள் வீட்டில் நான்கு வருடமாக வழக்கமாக்கிக்கொண்டோம். நான், மனைவி, மாமியார், 11 வயது மகன், 8 வயது மகள். படகு 5 மீட்டர் அலுமினியப் படகு. மேலே கூரை மட்டும் உண்டு, மூடிய அறை கிடையாது.

முதல் இரண்டு வருடம் டவுன்ரிக்கரில் பிடித்தோம். அப்புறம் ஈய நரம்புக்கு மாறினோம். படகு அதேதான், சுற்றி வந்த இடங்களும் ஏறக்குறைய அவையேதான். அதனால் ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். குளிர்காலம், கூடவே பிள்ளைகள் என்றால் என் ஓட்டு ஈய நரம்புக்கு.

பழக்கம் இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ட்ரோலிங் என்பது மெதுவாக ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துக்கொண்டே போவது. வேகம் 2 நாட், அதாவது மணிக்கு நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். இரையை எப்படி ஆழத்துக்கு இறக்குவது என்பதில்தான் இரண்டு வழியும் பிரிகின்றன. டவுன்ரிக்கரில் நாலு கிலோ எடையுள்ள குண்டு ஒன்று கம்பியில் தொங்கும். நம் தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பால் அந்தக் கம்பியில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்குக் குண்டை இறக்குவோம். மீன் கவ்வினால் நரம்பு கிளிப்பை விட்டு விடுபடும். ஈய நரம்பில் இந்தச் சாதனம் எதுவும் இல்லை. பின்னிய நூலுறைக்குள் மெல்லிய ஈயக் கம்பி ஓடுகிறது. அந்த எடையிலேயே நரம்பு முழுகும். பத்து கெஜத்துக்கு, அதாவது சுமார் 9 மீட்டருக்கு ஒரு முறை நிறம் மாறும். மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஒன்றரை மீட்டர், கொஞ்சம் கூடுதலாகவும் ஆழம் கிடைக்கும். ஐந்து நிறம் விட்டால் ஏழெட்டு மீட்டர் ஆழம்.

விலையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு சுமாரான டவுன்ரிக்கரின் காசில் ஈய நரம்பு, ரீல், ராட் (தூண்டில் கோல்) எல்லாம் இரண்டு ஜோடி வாங்கிவிடலாம். டவுன்ரிக்கரைப் பழையதாக விற்றாலும் நல்ல விலை வரும், ஈய நரம்புக்கு அப்படி வராது. எந்த வழியில் பிடித்தாலும் உரிமம் வேண்டும். டௌபோ வட்டாரத்துக்கு உரிமம் தனி, நாட்டின் மற்ற இடங்களுக்கு வாங்கியது இங்கே செல்லாது. பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

இனி ஆழம். டவுன்ரிக்கரின் பெரிய பலமே அதுதான். 25 மீட்டர் என்றால் 25 மீட்டரிலேயே இரை போகும். கோடையில் அதற்கு ஈடே கிடையாது. 616 சதுர கிலோமீட்டர் பரப்பு, 186 மீட்டர் வரை ஆழம் உள்ள ஏரி இது. கோடையில் மேல்நீர் 20 டிகிரி வரை சூடாகிவிடும், அடிநீர் குளிர்ந்தே கிடக்கும். குளிர்நீரை விரும்பும் ரெயின்போ ட்ரவுட் கீழே இறங்கிவிடும். ஆனால் குளிர்காலத்தில் மேல்நீரும் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கி, ஏரி முழுதும் கலந்துபோகிறது. மேலிருந்து அடி வரை ஏறக்குறைய 11 டிகிரிதான். குளிர்ச்சி தேடி ஆழத்துக்குப் போக வேண்டிய தேவை மீனுக்கு இல்லை. இரையாகும் ஸ்மெல்ட் என்ற சின்ன மீன் போகும் இடத்துக்கெல்லாம் ட்ரவுட்டும் போகும். முட்டையிட ஆற்றில் ஏறப்போகும் மீன்கள் ஆற்று முகத்துவாரங்களின் பக்கம் கூடியிருக்கும். மேட்டுத்தரை சட்டென்று சரிந்து நீர் கருநீலமாகிற விளிம்பை ஒட்டி ஐந்து நிறம் விட்டுப் போனாலே மீன் அகப்படுகிறது. அதற்கும் கீழே மீனே இல்லை என்று சொல்லமாட்டேன். நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் 20 மீட்டருக்குக் கீழே மீன் நிற்பதை ஃபிஷ் ஃபைண்டரில் (நீருக்கடியில் மீனைக் காட்டும் கருவி) பார்த்திருக்கிறேன். ஈய நரம்பில் அவற்றை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

ஆழம் மட்டும் இருந்திருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லி முடித்திருப்பேன். என்னை மாற்றியது கை. ஈரக் கை.

ஜூலை காலையில் டௌபோவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். தெற்கே டொங்கரிரோ, ருவாபேஹு மலைகள் பனி மூடி நிற்கும். அந்தப் பக்கமிருந்து காற்று வந்தால் சட்டைக்குள் ஊசி இறங்கும். உடம்பைக் கம்பளியால் மூடிவிடலாம், காலுக்கு இரண்டு காலுறை போடலாம். கையை மட்டும் டவுன்ரிக்கர் விடாது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் வேலை இப்படி நடக்கிறது: இரையைப் பின்னால் பதினைந்து மீட்டர் விட வேண்டும். நரம்பை விரலால் பிடித்துக் கிளிப்பின் இறுக்கமான வாய்க்குள் செருக வேண்டும். கையுறையோடு அது நடக்காது; விரல் நுனி இல்லாத கையுறை வாங்கிப் பார்த்தேன், விறைப்பதே விரல் நுனிதான் என்பதால் பயன் இல்லை. அப்புறம் ஒரு கையில் ராட், மறு கையில் கைப்பிடி, குண்டை இறக்கி, நரம்பின் தளர்வைச் சுற்றி எடுக்க வேண்டும். குண்டை மேலே ஏற்றும்போது கம்பியிலிருந்து ஏரித்தண்ணீர் வழிந்து மணிக்கட்டு வரை நனையும். அந்த நனைந்த கையில் காற்று படும்.

இதை ஒரு நாளில் எத்தனை முறை செய்கிறோம் என்று இரண்டாவது வருடம் எண்ணிப் பார்த்தேன். காலை எட்டு முதல் மத்தியானம் வரை, இரண்டு ராட், பதினேழு முறை. பிடித்த மீன் நான்கு. மீதி எல்லாம் கிளிப் சும்மா விடுபட்டது, பாசி சிக்கியது, சின்ன மீன் மாட்டியிருக்கிறதா என்று ஏற்றிப் பார்த்தது. சின்ன மீனுக்குக் கிளிப்பை விடுவிக்கும் பலம் இருக்காது. பார்க்காமல் விட்டால் அதை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டே திரிவோம். அது மீனுக்கும் கொடுமை.

அன்றைக்கு மகனும் கிளிப் மாட்டுவேன் என்று ஆசையாகக் கேட்டான். மூன்று தடவை மாட்டினான். நான்காவது தடவை மாமியார் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, பிள்ளைக்குக் கை வெறைச்சுப் போச்சு, கரைக்குப் போயிடலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான். ஃபிளாஸ்க்கிலிருந்த சுக்குக் காப்பி டம்ளரைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை. பதினொரு மணிக்கே வெயில் ஏறி, ஏரி கண்ணாடிபோல் கிடந்தது, மீனும் கடித்துக்கொண்டிருந்தது, ஆனாலும் கரை திரும்பினோம். குளிரில் பிள்ளையின் கை ஒரு தடவை விறைத்துவிட்டால், அந்த நாளை மறுபடி சூடேற்ற முடியாது. உடம்பு முழுதும் நடுங்க ஆரம்பிக்கும், மீன் மேல் இருந்த ஆசையும் போய்விடும்.

ஈய நரம்பில் இந்த வேலையே இல்லை. இரையைத் தண்ணீரில் போட்டு, ரீலின் பூட்டைத் திறந்து, கட்டை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு நரம்பை ஓடவிட வேண்டியதுதான். கையுறையைக் கழற்றவே வேண்டாம். என் மகளுக்கு வேலையும் கிடைத்தது. பின்பக்கம் உட்கார்ந்து, “அப்பா, பச்சை முடிஞ்சு மஞ்சள் வந்துடுச்சு” என்று நிறத்தை எண்ணிச் சொல்வது அவள்தான். ஐந்தாவது நிறத்தில் பூட்டைப் போடுவேன். மீன் விழுந்த நிறத்தையும் அவள் நினைவில் வைத்துக்கொள்வாள், அடுத்த சுற்றில் அதே அளவு விடுவோம். வெறும் கை ஈரமாவது மீனைத் தூக்கும்போது மட்டும்தான். அளவு குறைந்த மீனைத் திருப்பி விட வேண்டும் என்றால் கையை நனைத்துத்தான் தொட வேண்டும், அதன் மேல்பூச்சு போய்விடக்கூடாது. அது எந்த வழிக்கும் பொது. ஒரு நாளில் நாலைந்து முறை, நான் ஒருவன் செய்துகொள்கிறேன்.

போன ஜூலையில் காலை எட்டுக்கு இறங்கி மூன்றரை மணி வரை ஏரியில் இருந்தோம். அகேசியா வளைகுடாவிலிருந்து புறப்பட்டு, ரங்கட்டிரா முனையைச் சுற்றி, மைன் வளைகுடாவில் பாறையில் செதுக்கிய மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) முகத்தின் முன்னால் படகை நிறுத்தி இட்லியும் மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டோம். பத்து மீட்டருக்கு மேல் உயரமான அந்தச் சிற்பத்தை நீர்வழியாகப் போனால்தான் பார்க்க முடியும். டவுன்ரிக்கர் காலத்தில் அவ்வளவு தூரம் நாங்கள் போனதே இல்லை.

ஈய நரம்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, மீனின் துள்ளல் குறைந்துவிடும். டவுன்ரிக்கரில் கிளிப் விடுபட்ட பிறகு மெல்லிய நரம்பும் மீனும் நாமும் மட்டும்தான். ஒன்றரை கிலோ ரெயின்போ தண்ணீருக்கு மேலே எகிறும் ஒவ்வொரு தடவையும் அது கைக்குத் தெரியும். ஈய நரம்பில் 45 மீட்டர் ஈயத்தையும் சேர்த்து இழுக்கிறோம். மீன் பிடிப்பதன் சுகமே அந்தப் போராட்டம்தான் என்பவர் இதை வாங்கினால் வருத்தப்படுவார். இரண்டாவது, சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளுக்குக் கை வலிக்கும். எங்கள் வீட்டில் முதல் மூன்று நிறம் மகன், கடைசி இரண்டு மகள், வலை பிடிப்பது மனைவி. மூன்றாவது, எங்காவது நரம்பு முறுக்கி மடங்கினால் உள்ளே ஈயம் ஒடிந்து, உறையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஈயத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. எனக்கு இரண்டு வருடத்தில் ஒரே ஒரு இடத்தில் அப்படி ஆனது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு முடிந்துகொண்டேன். சாப்பிடுவதற்கு முன் எல்லோரும் கை கழுவ வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு.

சமையலுக்கு மீன் எடுப்பதில் ஒரு விஷயம். குளிர்காலத்தில் கறுத்து, பக்கவாட்டில் சிவப்பு ஏறிய மீன் முட்டையிடப் போகிறது. அதன் சதை வெளுத்துச் சுவை குறைந்திருக்கும். வெள்ளியாக மினுங்குவதை மட்டும் எடுத்து, மற்றதை விட்டுவிடுகிறோம். வெள்ளி மீனின் சதை ஆரஞ்சு நிறமாக இருக்கும். மஞ்சள், மிளகு, உப்பு மட்டும் தடவி, தோலோடு தோசைக்கல்லில் போட்டால் போதும். புளிக்குழம்புக்கு இந்த மீன் தாங்காது.

மூடிய அறையும் சூடேற்றும் வசதியும் உள்ள பெரிய படகு வைத்திருப்பவர்களுக்கு நான் கை பற்றிச் சொன்னதெல்லாம் பாதிதான் பொருந்தும். பொத்தானை அழுத்தினால் குண்டு ஏறி இறங்கும் மின்சார டவுன்ரிக்கரில் நண்பர் ஒருவரின் படகில் ஒரே ஒரு நாள்தான் பிடித்திருக்கிறேன். சுற்றும் வேலை போய்விடுகிறது, கிளிப் மாட்டும் வேலை அப்படியேதான் இருக்கிறது என்று அன்று தோன்றியது. ஒரு நாளை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயம் இல்லை.

என் பழைய டவுன்ரிக்கரை விற்கவில்லை. டிசம்பரில் படகில் மறுபடி பூட்டுவேன். அப்போது மீன் 30 மீட்டரில் நிற்கும். பத்து நிறத்தையும் விட்டாலும் ஈய நரம்பு அதில் பாதி ஆழத்தைச் சற்றுத் தாண்டுவதோடு சரி. கோடையில் கை ஈரமாவதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை, கிளிப் மாட்டுவது மகனின் பொறுப்பு என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.