கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ்: பிசினஸ் கிளாஸுக்கு சூப்பர், மத்ததுக்கு சுமார்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையர் (பறந்தா, கார்டுல செலவு பண்ணா மைல்ஸ்னு பாயிண்ட்ஸ் தந்து, அத வச்சு டிக்கெட் எடுக்க விடுற திட்டம்) நல்ல ப்ரோக்ராம்தான், ஆனா மைல்ஸ சேத்து வச்சு அழகு பாக்குறவங்களுக்கு இது செட்டாகாது. 3 வருஷத்துல காலாவதி ஆயிடும், நடுவுல நீங்க எத்தன தடவ பறந்தாலும் பழைய மைல்ஸோட ஆயுசு கூடாது.

எதுக்கு செலவு பண்ணா லாபம்னு பாக்க ஒரு கணக்கு போதும். டிக்கெட்டோட காசு விலையில இருந்து, மைல்ஸ்ல எடுத்தாலும் எப்படியும் கட்டப்போற டாக்ஸ கழிச்சுடுங்க, மிச்சத்த எத்தன மைல்ஸ் கேக்குறாங்களோ அதால வகுங்க, அதான் ஒரு மைலுக்கு உங்களுக்கு கிடைக்கிற மதிப்பு. இத போட்டு பாத்தா எகானமி டிக்கெட் பெரும்பாலும் சுமார்தான் (ஆஃபர்ல காசுக்கே சல்லிசா கிடைக்கும்போது மைல்ஸ் எதுக்கு), ஹெட்போன் பெட்டின்னு பொருள் வாங்குறது அதவிட மோசம். நீண்ட தூர பிசினஸ் கிளாஸ்லதான் இந்த மைல்ஸ் நிஜமாவே பேசும், அதுவும் சேவர் ரேட்ல (கம்மி மைல்ஸ் கேக்குற, ஆனா சீட் கம்மியா இருக்குற ரேட்) கிடைச்சா. மைல்ஸ்ல எடுக்குற டிக்கெட்ல, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொந்த ஃப்ளைட்டுக்கு ஃப்யூயல் சர்சார்ஜ (எரிபொருளுக்குன்னு தனியா வாங்குற கட்டணம்) 2017லயே எடுத்துட்டாங்க, அதனால கையில இருந்து போறது கம்மி, ஆனா அதே மைல்ஸ வச்சு ஸ்டார் அலையன்ஸ் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் இருக்குற விமான கம்பெனிகளோட கூட்டணி) பார்ட்னர் ஃப்ளைட் எடுத்தா சில கம்பெனில அந்த சர்சார்ஜ் தலையில விழும், பே பண்றதுக்கு முன்னாடி மொத்தத்த பாத்துக்கோங்க.

சேவர் சீட் கிடைக்கிறதுதான் பெரிய தலவலி. புக்கிங் 355 நாளுக்கு முன்னாடியே ஓப்பன் ஆகும், ஸ்கூல் லீவு சமயத்துல போறவங்க அப்பவே பாத்துடணும். இல்லேன்னா வெயிட்லிஸ்ட், அது கிளியர் ஆகுமா ஆகாதாங்கறது ஆண்டவனுக்கே வெளிச்சம். சேவருக்கு மேல இருக்குற அட்வான்டேஜ் ரேட்ல சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனா மைல்ஸ ரொம்ப கூடுதலா உறிஞ்சிடும், அவசரம்னா ஒழிய நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். தேதிய இழுத்து வளைக்க முடியும்னா ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்னு மாசாமாசம் விடுறாங்க, சேவர்லயே 30% தள்ளுபடி, ஆனா அடுத்த மாசமே கிளம்பணும், கேன்சல் பண்ண முடியாது.

கிரெடிட் கார்டு பாயிண்ட்ஸ் வச்சிருக்கவங்க அத பேங்க்லயே விட்டு வைங்க, ஒரு தடவ மைல்ஸா மாத்திட்டா திரும்ப மாத்த முடியாது, 3 வருஷக் கெடுவும் ஓட ஆரம்பிச்சிடும். சீட்ட பாத்துட்டு மாத்துங்க, ஆனா சில பேங்க்ல மைல்ஸ் வந்து சேர நாள் ஆகும், அதுக்குள்ள சீட் போனாலும் போகும், அதனால ரெண்டு மூணு தேதி கைவசம் இருக்கட்டும்.