நாயின் வலிக்கு வீட்டு மாத்திரையா, கால்நடை மருத்துவரின் மருந்தா?

நொண்டி நடக்கும் நாயைக் கண்டு மனம் பொறுக்காமல் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பவர் முன்னால் பாராசிட்டமால், இபுபுரூஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின் ஆகியவை இருக்கலாம்; கால்நடை மருத்துவரோ பெரும்பாலும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென் எழுதித் தருவார். இவற்றுள் எது வலியை விரைவாகத் தணிக்கும் என்பதைவிட, வலியைத் தணிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி உண்டு என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

அவ்வாறு பார்த்தால் இபுபுரூஃபனும் நாப்ராக்சனும் நாய்க்குக் கொடுக்கவே கூடாதவை. இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தையும் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்களை இவை தடுத்துவிடுகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 16 மி.கி. வீதம் இபுபுரூஃபனை ஒரு மாதம் தினமும் பெற்ற நாய்களுக்கு இரைப்பைப் புண் உண்டானது பதிவாகியிருக்கிறது. 400 மி.கி. மாத்திரை ஒன்றை 10 கிலோ நாய்க்குக் கொடுத்தால், ஒரே வேளையில் கிலோவுக்கு 40 மி.கி. உள்ளே போய்விடும். நாப்ராக்சன் இன்னும் கொடியது: மனித உடலில் அதன் பாதியளவு வெளியேற 12 முதல் 17 மணி நேரம் ஆகும் என்றால், நாயின் உடலில் அதற்கு ஏறத்தாழ 3 நாட்கள் வரைகூட ஆகலாம்.

பாராசிட்டமாலை அவற்றோடு சேர்த்துத் தள்ளிவிடுவது சரியாகாது. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்ற அளவில் கால்நடை மருத்துவர்களே சில நாய்களுக்கு அதைத் தருவதுண்டு. ஆனால் 650 மி.கி. மாத்திரை 10 கிலோ நாய்க்கு அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கிலோவுக்கு 100 மி.கி. அளவை எட்டினால் கல்லீரல் கெடும் அபாயம் உண்டு, அதையும் மிஞ்சினால் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க இயலாமல் ஈறுகள் பழுப்பேறும். (பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும், இரண்டையும் வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.)

ஆஸ்பிரினால் வேறொரு தொல்லை. அது உடலில் இருக்கும்போது மெலாக்சிகாமையோ கார்ப்ரோஃபெனையோ தொடங்கினால் இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் ஏற்படக்கூடும் என்பதால், மருத்துவர் சில நாட்கள் காத்திருக்க நேரிடும். அவசரப்பட்டுக் கொடுத்த மாத்திரையால் அதே நாய்க்குத் தகுந்த சிகிச்சை தள்ளிப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

மெலாக்சிகாம் மனிதர்களுக்கும் உள்ள மருந்துதானே என்று கேட்கலாம். நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., பிறகு தினமும் 0.1 மி.கி. என்பதே வழக்கமான அளவு. 10 கிலோ நாய்க்கு அந்தத் தினசரி அளவு 1 மி.கி. மட்டுமே, மனிதர்களின் மாத்திரையிலோ 7.5 அல்லது 15 மி.கி. இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தாலும் சிறுநீரக நோயோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கும் நாய்க்கும், ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் நாய்க்கும் இது ஆகாது. ஆகவே பரிசோதனைக்குப் பிறகு நாய்க்கென்றே தரப்படும் மருந்தையே நான் தேர்ந்தெடுப்பேன். இரவில் மருத்துவர் கிடைக்காவிட்டால், எந்த மாத்திரையும் தராமல் நாயை நடமாடவிடாமல் ஓய்வில் வைத்திருப்பேன்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், வாந்தியோ கறுத்த மலமோ வரட்டும் என்று காத்திராமல், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பாராசிட்டமாலுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற நச்சு முறிவு மருந்து உண்டு. அது விரைவாகச் செலுத்தப்படும்போதே நன்றாகப் பயன்படும்.