எம்எஸ்ஐ-எக்ஸ் வெக்டர் பங்கீடு: முன்கூட்டியே பிரிப்பதா, பொதுத் தொகுப்பா, கேட்கும்போது கொடுப்பதா?

ஒரே பிசிஐஇ கார்டில் நெட்வொர்க் க்யூக்கள், ஆர்டிஎம்ஏ (வேறொரு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகும் வசதி), அட்மின் க்யூ (கார்டுக்குக் கட்டளை அனுப்பும் வரிசை) மூன்றும் இருந்தால் எல்லாவற்றுக்கும் இன்டரப்ட் வெக்டர் (கார்டு சிபியுவை அழைக்கும் தனி எண்) வேண்டும். விதிப்படி எம்எஸ்ஐ-எக்ஸ் (இன்டரப்ட்டைச் செய்தியாக அனுப்பும் பிசிஐ முறை) அட்டவணையில் 2048 இடம் வரை இருக்கலாம். கார்டில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. லினக்ஸ் டிரைவர்களில் இதைப் பங்கிட மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, புரோப் நேரத்திலேயே (டிரைவர் கார்டைக் கண்டு தயார்செய்யும்போதே) பிரித்துவிடுவது. 64 வெக்டர் கேட்டு, அட்மினுக்கு 1, நெட்வொர்க்குக்கு 32, ஆர்டிஎம்ஏவுக்கு 31 என்று வைத்துக்கொள்வோம். எழுத எளிது. ஆனால் 40 மட்டுமே கிடைத்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். கேட்கும்போது குறைந்தபட்சத்தையும் 64 என்றே கொடுத்தவர்களுக்கு இடப்பற்றாக்குறைப் பிழை திரும்பி வரும், கார்டே எழாது. குறைந்தபட்சம் என்பது உண்மையிலேயே இயங்கத் தேவையான எண்ணாக இருக்கட்டும். கிடைத்த எண்ணை விட்டுவிட்டுக் கேட்ட எண்ணை வைத்தே லூப் ஓட்டுவது இன்னொரு வழக்கமான பிழை.

இந்த முறையின் பெரிய சிக்கல் பிறகுதான் தெரியும். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் எம்எஸ்ஐ-எக்ஸையே அணைத்து மீண்டும் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் எல்லாப் பகுதிகளும் தங்கள் ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் ஓடும் செயற்கூறை) விடுவித்தாக வேண்டும். ஈத்தர்நெட் சேனல் (க்யூ) எண்ணிக்கையை மாற்றப் போய், தொடர்பே இல்லாத ஆர்டிஎம்ஏவையும் நிறுத்தி எழுப்ப வேண்டியிருக்கிறது.

மொத்தமாக வாங்கி, எது யாரிடம் என்று எக்ஸ்அரே அல்லது பிட்மேப்பில் (கெர்னலின் தரவுக் கட்டமைப்புகள்) கணக்கு வைத்துப் பிரித்துக் கொடுப்பது இரண்டாவது வழி. ஆர்டிஎம்ஏ மாட்யூல் ஏறாதபோது அதன் பங்கு வீணாகாது. கை மாறும் வெக்டரில்தான் கவனம் தேவை: அஃபினிட்டி ஹின்ட்டை (இன்டரப்ட் எந்த சிபியுவுக்குப் போகலாம் என்ற குறிப்பை) அழிக்காமல் ஹேண்ட்லரை விடுவித்தால் கெர்னல் எச்சரிக்கும். வரிசையும் மாறக்கூடாது: முதலில் ஹேண்ட்லர் விடுவிப்பு, அடுத்து தொகுப்புக்குத் திருப்புதல், கடைசியில்தான் பிசிஐ விடுவிப்பு.

கெர்னல் 6.2 முதல் மூன்றாவது வழி இருக்கிறது: எம்எஸ்ஐ-எக்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தனி வெக்டரை வாங்கலாம், திருப்பலாம். இன்டெலின் ஐஸ் டிரைவர் 2023-இல் இதற்கு மாறியது. எல்லா பிளாட்ஃபார்மிலும் கிடைக்காது என்பதால் வசதி உண்டா என்று கெர்னலிடம் முதலில் கேட்க வேண்டும். சிபியுக்களுக்குத் தானாகப் பரப்பிக் கொடுக்கும் வேலையும் இதில் இல்லை. எந்தெந்த சிபியு என்று சொல்லும் மாஸ்க்கை டிரைவரே தர வேண்டும்.

“சும்மா கிடக்கும் வெக்டர் சிபியுவின் இடத்தைத் தின்கிறது” என்ற பயம் எக்ஸ்86-இல் பாதிதான் சரி. ஒரு சிபியுவுக்கு 256 வெக்டர், அதில் முதல் 32 எக்ஸெப்ஷன்களுக்கு (சிபியு தானே எழுப்பும் பிழை அறிவிப்புகள்). ஆனால் கெர்னல் 4.15 முதல் சாதாரண எம்எஸ்ஐ-எக்ஸ் இன்டரப்ட்டுக்கு ஹேண்ட்லர் பதிவாகும்போதுதான் உண்மையான சிபியு வெக்டர் கிடைக்கிறது. ஆகவே ஒதுக்கீடு வெற்றி பெற்ற பிறகும் பதிவில் தோல்வி வரலாம், அந்தப் பிழையையும் கையாளுங்கள். கெர்னலே அஃபினிட்டியை நிர்வகிக்கும் வகைக்கு இந்தச் சலுகை இல்லை. மாஸ்க்கில் உள்ள சிபியுக்களில் இடம் முன்பே பிடிக்கப்படும்.

புதிதாக எழுதுவதானால் அட்மினையும் குறைந்தபட்ச நெட்வொர்க் க்யூவையும் புரோப்பிலேயே வாங்கிவிட்டு, மீதியைக் கேட்கும்போது கொடுக்கலாம். பழைய கெர்னலையும் ஆதரிக்க வேண்டுமென்றால் பொதுத் தொகுப்பே போதும். முதல் வழி, ஒரே ஒரு பகுதி மட்டும் உள்ள கார்டுக்கு.