சிவில் படிப்பு, குறைந்த செலவு: தண்டையார்பேட்டை மாமாவின் கணக்கு

அக்கா பெண்ணுக்குச் சிவில் இன்ஜினியரிங்தான் வேண்டுமாம். கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லி தெருவே புத்தி சொல்லிப் பார்த்தது, அசையவில்லை. நான் டிப்ளமோ முடித்துப் பதினொரு வருஷமாக சைட் சூப்பர்வைசர் என்பதால் கல்லூரி தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்களுக்கு முதல் இடம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரிதான். 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்த இடம், கட்டணமும் தனியாரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சைதாப்பேட்டை வரை வண்டி மாற வேண்டாம், ஹாஸ்டல் செலவே மிச்சம். 2010-ல் இருந்து சிவிலைத் தமிழ் வழியிலும் நடத்துகிறார்கள், அதற்குத் தனி இடங்கள் உண்டு. சிக்கல் கட்-ஆஃப் மட்டும்தான், அதுவும் பெரிய சிக்கல்.

அடுத்து கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சேலம், காரைக்குடி, திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள். இங்கெல்லாம் ஃபீஸ் பயமில்லை. மெஸ் பில்லும் ஊருக்குப் போய்வரும் ரயில் காசும்தான் செலவு, அதைச் சேர்த்தால்கூட தனியாரைவிடக் குறைவு.

தனியாரில் அரசு கவுன்சிலிங் வழியாகக் கிடைக்கும் சீட்டுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. என்ற தேசிய வாரியத்தின் தர அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000 என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். அதை நம்பி வடக்கே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கல்லூரிக்குப் போனேன். பஸ் ஃபீஸ், யூனிஃபார்ம், டிரெய்னிங் என்று ஒவ்வொன்றாகப் பேப்பரில் ஏற்றி, கடைசியில் கூட்டினால் நான் நினைத்ததைப் போல ஒன்றரை மடங்கு. சரி, லேப் பார்க்கலாம் என்றேன். கான்கிரீட்டின் பலம் பார்க்க அதன் க்யூப்பை உடைக்கும் மெஷினுக்குப் போட்டிருந்த உறை மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. நிலம் அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷன் எங்கே என்றால் பீரோவில், சாவி லீவில் போன ஒரு சாரிடம். எங்கள் சைட்டில் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் க்யூப் உடைக்காமல் பில் போட முடியாது, அதைக் கையால் தொடாமலே ஒரு பெண் நாலு வருஷம் படித்து வந்து என்ன செய்வாள்? எங்கே போனாலும் ஃபீஸ் கேட்கும் முன் லேப் சாவியைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும். எங்கள் பெண் படித்தது ராயபுரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரியே ஏழைதான், ஆனால் கணக்கில் வராது. முதல் பட்டதாரி சான்றிதழை மட்டும் தாலுகா ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறோம், அதற்கு டியூஷன் ஃபீஸில் சலுகை உண்டு.

மார்க் குறைந்தால் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நான் அப்போது அதைச் செய்திருக்க வேண்டும், சம்பளம் வந்ததும் விட்டுவிட்டேன்.

கவுன்சிலிங்குக்குக் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்டில் கிண்டி, கோவை, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி, அப்புறம்தான் தனியார் என்று போட்டிருக்கிறேன். திருநெல்வேலியை எடுத்துவிடச் சொல்லி அக்கா இன்னும் சண்டை போடுகிறாள்.