நிலம் தாழ்வதைக் காட்டும் வரைபடம்: ஐரோப்பிய நில அசைவுச் சேவை பற்றிய மதிப்பீடு

ஸ்பெயினின் தென்கிழக்கே, முர்சியா மாகாணத்தில், லோர்கா நகரை ஒட்டிக் குவாடலெந்தின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. 1960-க்கும் 2010-க்கும் இடையில் பாசனத்துக்காக இடைவிடாமல் நீர் இறைத்ததால், அங்கே நிலத்தடி நீர்மட்டம் ஏறத்தாழ 250 மீட்டர் இறங்கியது. நீர் வெளியேறிய களிமண், வண்டல் அடுக்குகள் மேலே உள்ள மண்ணின் பாரத்தால் நசுங்க, பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் தரை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. வீடு, சாலை, வரப்பு எல்லாம் சேர்ந்தே இறங்குவதால் அங்கு குடியிருப்பவரின் கண்ணுக்கு இது எளிதில் புலப்படாது. அதைப் புலப்பட வைக்கும் கருவி என்ற முறையில்தான் ஐரோப்பிய நில அசைவுச் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிக் கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிக்கஸின் ஒரு பகுதியாக ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை நடத்தும் இந்தச் சேவை 2022-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. உலாவியில் வரைபடத்தைத் திறந்தால், அசையாத இடங்கள் பச்சையாகவும் தாழும் இடங்கள் மஞ்சளிலிருந்து சிவப்பாகவும் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன. லோர்கா நகரப் பகுதியிலிருந்து சமவெளி நோக்கி நகர்த்தும்போது, மலையடிவாரப் பச்சை மங்கிச் சிவப்பு பரவுவதைப் பார்க்கலாம். ஒரு தோட்ட வீட்டின் மேல் விழுந்த புள்ளியைச் சொடுக்கினால், கீழே ஒரு வரைகோடு விரிகிறது: ஒவ்வொரு புள்ளியும் செயற்கைக்கோள் அந்த வீட்டைக் கடந்து சென்ற ஒரு நாள். படியிறங்குவது போல அந்தக் கோடு ஆண்டுக்கு ஆண்டு கீழே போவதை முதன்முறை பார்த்தபோது, நெடுநேரம் அடுத்த புள்ளிக்குப் போக மனம் வரவில்லை.

இதற்குப் பின்னால் இருப்பது சென்டினல்-1 செயற்கைக்கோள்களின் ரேடார். சுமார் 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 5.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலையை அனுப்பும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. இரண்டு செயற்கைக்கோள்கள் இயங்கும் காலத்தில் இந்த இடைவெளி 6 நாள். தரைக்கும் கோளுக்கும் இடையிலான தொலைவு 2.8 சென்டிமீட்டர் மாறினால், திரும்பி வரும் அலை ஒரு முழுச் சுற்று விலகிவிடும். அந்த விலகலின் சிறு பகுதியைக் கூட அளக்க முடிவதாலும், நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கிக் காற்றின் ஈரப்பதத்தால் வரும் பிழையைக் களைய முடிவதாலும், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தாழ்வும் பிடிபடுகிறது.

தரவு மூன்று நிலைகளில் கிடைக்கிறது. முதல் நிலை, அந்தந்தப் பகுதியின் ஓர் உள்ளூர்ப் புள்ளியை ஒப்பிட்டு மட்டுமே பேசும், இரண்டாவது, ஜி.பி.எஸ். நிலையங்களின் அளவீட்டோடு பொருத்தப்பட்டது. மூன்றாவதான ஆர்த்தோ, கோளின் சாய்வுப் பார்வையை விடுத்து, செங்குத்து அசைவையும் கிழக்கு மேற்கு அசைவையும் 100 மீட்டர் கட்டங்களில் பிரித்துத் தருகிறது. நிலத்தடி நீரைப் பற்றி அறிய விரும்புகிறவர் ஆர்த்தோவின் செங்குத்து அடுக்கிலிருந்தே தொடங்குவது நல்லது. பிற இரண்டிலும் தெரியும் அசைவு, கோளின் சாய்ந்த பார்வைக் கோட்டில் அளந்தது என்பதை மறந்தால் கணக்குத் தவறும்.

குறைகள் உண்டு, அவற்றில் ஒன்று பெரியது. கீரையும் பிராக்கோலியும் கூனைப்பூவும் விளையும் வயல்களில் பயிர் வளர்ந்து, அறுவடையாகி, மண் மீண்டும் உழப்படுவதால் ரேடார் எதிரொலி நாளுக்கு நாள் மாறிவிடுகிறது. அங்கே புள்ளிகள் அரிதாகின்றன. அதாவது மோட்டார்கள் ஓடி நீர் இறைக்கும் இடத்திலேயே வரைபடம் வெறுமையாகிறது. சாலைகளும் கட்டடங்களும் தரும் புள்ளிகளைக் கொண்டுதான் இடைப்பட்ட வயலின் நிலையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதாக, தரவு ஆண்டுக்கு ஒரு முறையே புதுப்பிக்கப்படுகிறது. 2018–2022, 2019–2023 என வெவ்வேறு காலத் தொகுதிகளாக வரும் வெளியீடுகளை அப்படியே ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. வண்ணம் காட்டுவது சராசரி வேகம் என்பதால், மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் தாழ்வு தணிந்திருந்தாலும் அது வண்ணத்தில் தெரியாது. வரைகோட்டைத் திறந்து பார்ப்பது கட்டாயம்.

தாழ்வின் காரணத்தையும் இச்சேவை சொல்வதில்லை. சுரங்கமா, புதிய கட்டடத்தின் எடையா, நீர் இறைப்பா என்பதைக் கிணற்று நீர்மட்டப் பதிவுகளோடு வைத்தே தீர்மானிக்க வேண்டும்; அந்தப் பதிவுகள் வரைபடத்தில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. லோர்காவில் இந்தக் கேள்வி உயிர்கள் தொடர்பானது. 2011 மே 11 அன்று அங்கே நிகழ்ந்த 5.1 அளவு நிலநடுக்கத்தில் 9 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, ரேடார் அளவீடுகளைக் கொண்டு, பல்லாண்டு நீர் இறைப்பால் பூமியின் மேற்பகுதியில் குறைந்த சுமை நிலநடுக்கத்தை உண்டாக்கிய பாறைப் பிளவின் நகர்வைப் பாதித்திருக்கக்கூடும் என்று முன்வைத்தது.

இந்தியா இச்சேவையின் எல்லைக்குள் இல்லை. சென்டினல் படங்கள் உலகம் முழுமைக்கும் இலவசம் என்றாலும், கணித்து முடித்த வரைபடமாக நமக்கு யாரும் தருவதில்லை. அதை நாமே செய்ய மென்பொருள் பயிற்சியும் கணினி வலுவும் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் செயற்கைக்கோளின் 24 சென்டிமீட்டர் அலை, பயிர்களை ஊடுருவித் தரையைத் தொடுவதில் சென்டினலை விட வலுவானது. அதன் தரவைக் கொண்டு இதே போன்ற வரைபடம் நம் ஊர்களுக்கும் வருவதற்குள், ஐரோப்பிய வரைபடத்தில் குவாடலெந்தினைத் திறந்து, ஒரு வீட்டின் கோட்டையும் பக்கத்து மலையின் கோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.