‘கையால் பிரித்த மேட்ச் பெல்லட்’ வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் முக்கியமாக இது. எடை பார்த்து, ஹெட் சைஸ் (தலைப் பக்க விட்டம்) பார்த்து, கிளாம்ப்பில் வைத்துச் சுட்டுத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லி, 500 பெல்லட் (போட்டிக்கான சிறு ஈயக் குண்டு) உள்ள டின்னை வாட்ஸ்அப் குரூப்களில் இரட்டை விலைக்கு விற்கிறார்கள். எங்கள் ரேஞ்சில் மூன்று பேர் ஆளுக்கு இரண்டு டின் வாங்கி ஏமாந்தார்கள். விற்றவர் பெயர் வேண்டாம், சரக்கைப் பார்ப்போம்.

ஒவ்வொரு டின்னோடும் ஒரு டெஸ்ட் கார்டு. ஐந்து ஷாட், ஒரே ஓட்டை. ஆறு கார்டையும் வரிசையாக வைத்தபோதுதான் குட்டு உடைந்தது: ஓட்டையின் இடது ஓரத்தில் காகிதம் பிசிறு விட்டிருந்தது, ஆறிலும் அதே பிசிறு. கலர் ஜெராக்ஸ். விரலால் தடவினால் ஓட்டையே இல்லை, வழவழவென்று இருந்தது.

அடுத்து எடை. இதற்கு நகைக்கடைத் தராசு வகையில் 0.001 கிராம் காட்டுவது வேண்டும், 0.01 காட்டுவது உதவாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள், காற்றுப் பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். டின்னில் போட்டிருந்தது 0.53 கிராம். எடுத்துப் போட்டதில் இரண்டு குவியலாகப் பிரிந்தது: ஒன்று 0.53 பக்கம், மற்றது 0.49 பக்கம். 0.49 என்பது பிஸ்டலுக்குப் பலர் வாங்கும் எடை. இரண்டு பழைய டின்களைக் கொட்டிக் கலந்து, மூடிக்குப் புது டேப் ஒட்டியிருக்கிறார்கள். லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) எண் ஸ்டிக்கரும் சுரண்டியிருந்தது. முதலிலேயே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

0.04 கிராம்தானே என்று தோன்றும். எடை குறைந்த பெல்லட் வேகமாகப் போகும், குறைவாகத் தாழும். 10 மீட்டரில் இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஏர் ரைஃபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 2.5 மி.மீ., அதாவது ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. பிள்ளை சரியாகப் பிடித்து, சரியாக ட்ரிகர் அழுத்தியும் 10.4 வரவேண்டிய இடத்தில் 9.9 வரும். காரணம் தெரியாமல் கோச் நிற்கும் நிலையைத் திருத்துவார், சைட்டைத் திருப்புவார். பணம் போனதைவிட இதுதான் எரிச்சல்.

ஸ்கர்ட்டும் (பெல்லட்டின் பின்பக்கம் பாவாடைபோல விரிந்த பகுதி) சரியில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பலவற்றில் விளிம்பு நசுங்கியிருந்தது. கொட்டிக் கலந்தால் ஈயம் நசுங்காமல் என்ன செய்யும்? ஸ்கர்ட் பேரலோடு ஒட்டி அடைக்காவிட்டால் காற்று ஒரு பக்கமாகக் கசியும், பெல்லட் ஆடிக்கொண்டு போகும். கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள்: நல்ல பெல்லட்டெல்லாம் ஒரே மாதிரி வளைவில் உருளும், கெட்டது தத்தித் தத்திப் போகும். ‘ஸ்பெஷல் கோட்டிங்’ என்று விற்றவர் சொன்னது வெறும் எண்ணெய். அது ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்றிருந்தால் வேகமும் ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

இன்னொன்று: “உங்க ரைஃபிளுக்கு 4.50 மி.மீ. ஹெட் சைஸ்தான் செட் ஆகும்” என்று போனிலேயே சொல்கிறவரை நம்பாதீர்கள். ஒரே மாடல் ரைஃபிள் இரண்டில் ஒன்று 4.49 கேட்கும், மற்றது 4.51 கேட்கும். உங்கள் பேரலில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். சீல் உடையாத டின், வேறு வேறு லாட், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாம்பிள் வாங்குங்கள். ரைஃபிளைக் கிளாம்ப்பில் இறுக்கி, லாட் மாற்றும்போது முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காமல், அப்புறம் 10 ஷாட் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) மூன்று போடுங்கள். ஐந்து ஷாட் குரூப் எதையும் நிரூபிக்காது. அதிர்ஷ்டத்தில் எந்த பெல்லட்டும் ஐந்து முறை ஒரே ஓட்டையில் போகும். மூன்று குரூப்பும் சிறிதாக வந்த லாட்டையே அந்த சீசனுக்கு மொத்தமாக எடுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, “சீல் உடைச்சாச்சுல்ல சார்” என்று பதில். பில் இல்லை, பணம் போனது தனி நபரின் யுபிஐக்கு. ஜிஎஸ்டி பில்லும், டின்னைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் இருந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லத் தெம்பாக இருந்திருக்கும்.

போன வாரம் வேறொரு குரூப்பில் புது டின் போட்டோ வந்தது. கார்டில் இடது ஓரத்தில் அதே பிசிறு.